பயண ரிவார்ட்ஸ் கிரெடிட் கார்டு வாங்கினால் லாபமா?

செலவுக்குப் புள்ளிகள் தந்து, அவற்றை விமான டிக்கெட்டாகவோ ஓட்டல் அறையாகவோ மாற்ற விடுவதுதான் பயண கார்டு. ரயில் சீசன் டிக்கெட் மாதிரிதான்: பணத்தை முன்னதாகக் கட்டுகிறோம், அடிக்கடி போனால்தான் கட்டுபடியாகும்.

ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய் என்றால் 18% ஜிஎஸ்டியோடு 5,900. நூறு ரூபாய்க்கு 4 புள்ளி, ஒரு புள்ளி 50 காசு என்றால் வருமானம் 2%. அதாவது 2,95,000 ரூபாய் செலவழித்தால் கட்டணம் திரும்பிவிடும். ஆனால் கட்டணமே இல்லாத கேஷ்பேக் கார்டு 1% தருகிறதே! அதையும் கழித்தால் ஆண்டுக்கு 5,90,000, மாதம் சுமார் 49,000 தேவை. வாடகை, பெட்ரோல், மொபைல் வாலட்டில் போடும் பணம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. அவற்றைச் சேர்க்காமல் கணக்கிடுங்கள். புள்ளியின் மதிப்பும் நிலையானதல்ல: டிக்கெட்டுக்கு 50 காசு பெறுவது, பரிசுப் பொருளுக்குப் பாதிகூடப் பெறாமல் போகலாம். வெளிநாடு போகிறவர்கள் அந்நியச் செலாவணிக் கட்டணத்தைப் பாருங்கள். பல கார்டுகளில் 3.5%, அதற்கு மேல் ஜிஎஸ்டி.

‘மினிமம் டியூ’, அதாவது பில்லில் காட்டும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வட்டி வராது என்று பலர் நினைக்கிறார்கள். தாமதக் கட்டணம்தான் வராது, வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடும்.