அருவியில் தண்ணீர் விழுகிறதா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சிறு வயதில் குற்றால சீசனுக்குப் போய்த் தங்கிய வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த நாளிலிருந்தே இதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். எங்கள் ஊர் இலஞ்சி. அப்பா கட்டிய மாடி வீடு, அவர் காலமான பிறகு பூட்டிக் கிடந்தது. இருபது ஆண்டுகள் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் இங்கேயே வந்துவிட்டோம். பின்கட்டில் நாங்கள் இருக்கிறோம். முன்பக்கத்தில் கீழே ஓர் அறை, மாடியில் இரண்டு, கூடம், சமையலறை எல்லாவற்றையும் சீர்செய்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம்.

ஆனி, ஆடியில் சனி, ஞாயிறு நிரம்பிவிடுகிறது. மற்ற நாளெல்லாம் காலி. போன மார்ச் மாதம் முழுவதும் இரண்டே முன்பதிவுகள். 4,500 ரூபாய் வாடகையை 3,000 ஆகக் குறைத்தும் பார்த்துவிட்டேன். புதிதாக வந்த விடுதிகளில் நீச்சல் குளம், செயற்கை அருவி எல்லாம் இருக்கின்றன. கடன் வாங்கி நாமும் ஏதாவது கட்டலாமா என்று யோசனை. 15,000 ரூபாய் கொடுத்தால் ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் ஐம்பது போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மனைவி கூடவே கூடாது என்கிறாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இணையத்தில் நாங்கள் போட்டிருக்கும் படங்களையும் விவரத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் பெயர் வேண்டாம்.

இலஞ்சியிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. முதலில் அதைப் பேசி முடித்துவிடுவோம். வராத விருந்தாளி வந்ததாகவும், உண்ணாத இட்லி நன்றாக இருந்ததாகவும் ஐம்பது பேர் எழுதுவதற்குப் பொய்ச் சாட்சி என்று பெயர். அது உங்கள் அப்பா கட்டிய வீட்டின் பெயரில் நடக்க வேண்டாம். இந்தப் பொய் பெருகிப்போனதால்தான் 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. தரநிலை ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஐம்பதை நம்பி வருகிற முதல் குடும்பத்தின் முகத்தை நீங்கள் பார்த்தாக வேண்டுமே.

நீச்சல் குளமும் வேண்டாம். குளத்துக்காகத் தங்குகிறவர்கள் பெரிய விடுதிக்குத்தான் போவார்கள். உங்களுக்குக் கடன்தான் மிஞ்சும்.

இனி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வீடு வாடகைக்கு விட்டவள் இல்லை. ஆனால் ஐம்பது வருடமாக ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வீட்டில் தங்கியவள்.

விருதுநகரில் எங்கள் தாத்தா வீட்டுக்கு ஒவ்வொரு வருடமும் வைகாசிக் கடைசியில், இல்லாவிட்டால் ஆனி முதல் வாரத்தில் ஓர் அஞ்சலட்டை வரும். குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் நாங்கள் வழக்கமாகத் தங்கும் வீட்டுக்கார ஆச்சி எழுதுவது. நான்கைந்து வரிதான். சாரல் கட்டிவிட்டது, பேரருவியில் நேற்றிலிருந்து நல்ல தண்ணீர், உங்கள் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, பெரியவருக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது, கீழ் அறையையே ஒதுக்கி வைத்திருக்கிறேன். சில வருடம் இதற்கு நேர்மாறாகவும் எழுதுவார்: இன்னும் காற்றுதான் அடிக்கிறது, மழை இல்லை, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஏமாற வேண்டாம், பத்து நாள் பொறுங்கள். தாத்தா அட்டையைக் கூடத்தில் உரக்கப் படிப்பார். மறுநாளே மீட்டர்கேஜ் ரயிலுக்கு டிக்கெட். பதினோரு வருடம் வேறு வீட்டைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பேச்சே எழவில்லை.

அந்த ஆச்சி எந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்தவர் இல்லை. போன வருடம் வந்தவர்களை மறக்காமல் இருந்தார், தண்ணீரைப் பற்றி உண்மையைச் சொன்னார். எனக்குத் தெரிந்த வரை உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

குற்றாலத்துக்குக் கிளம்பும் எந்தக் குடும்பமும் முதலில் என்ன செய்கிறது? தென்காசிப் பக்கம் தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டு, தண்ணீர் விழுகிறதா என்று கேட்கிறது. தெரிந்தவர் இல்லாதவர்கள் பழைய படத்தை நம்பி வந்து, பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தத் தெரிந்தவராக நீங்கள் இருங்கள். ஆனி பிறந்ததிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குப் பேரருவியை, முடிந்தால் ஐந்தருவியையும், ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வையுங்கள். கூட இரண்டு வரி எழுதினால் போதும். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தால் அதையும் அப்படியே போடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அதன் பிறகு குழந்தைகளுடன் வருகிறவர்களின் மனதில் பயம் இருக்கிறது. தடை வந்தால் பணம் பிடிக்காமல் வேறு தேதிக்கு மாற்றித் தருவேன் என்று உங்கள் விவரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அதனால் சில நாள் வாடகை போகும். போகட்டும்.

இதுவரை தங்கியவர்களின் எண்கள் உங்களிடம் இருக்கும். ஒரு நோட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் யார் வந்தார்கள், எந்த அறை, யாருக்குக் காபியில் சர்க்கரை கூடாது, எந்தக் குழந்தை வாசல் படியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது என்று எழுதுங்கள். அடுத்த வருடம் சாரல் தொடங்கியதும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். நூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்புவது அஞ்சலட்டை ஆகாது. முன்பதிவுத் தளங்களில் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் அளவுக்குக் கழித்துக்கொள்வதும் உண்டு. முதல் முறை தளம் வழியாக வந்தவரிடம் அதைத் தாண்டிப் பேரம் பேசாதீர்கள். அவர்கள் கொண்டுவந்த விருந்தாளிக்கு அவர்களுக்கு உரியது சேரட்டும். மறு வருடம் உங்களைத் தேடி அவரே கூப்பிட்டால் அது உங்கள் உறவு.

அடுத்தது படங்கள். நீங்கள் அனுப்பிய ஒன்பதில் ஆறு அருவி. அருவி ஊருக்குப் பொது. குற்றாலம் வரும் எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள் என்றால் அருவி மட்டுமா காரணம்? அந்த வீடும் அந்த மனிதரும் அல்லவா இழுத்தது. உங்கள் வீடு எங்கே அந்தப் படங்களில்? ஒரு கட்டிலும் ஒரு திரைச்சீலையும் தெரிகின்றன. குளியலறையைக் காணோம், மாடிப்படியைக் காணோம், வேன் நிறுத்த இடம் உண்டா என்று தெரியவில்லை. பின்கட்டுத் தாழ்வாரத்திலிருந்து மலை தெரியும் என்று கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படம் எடுக்காமல் விட்டீர்களே!

2009-இல், வீடுகளை நாள் வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி என்ற இணைய நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, நியூயார்க்கில் ஏன் ஆள் வரவில்லை என்று அதைத் தொடங்கிய இளைஞர்கள் ஆராய்ந்தார்கள். வீட்டுக்காரர்கள் போட்டிருந்த படங்கள் மங்கலாகவும் இருட்டாகவும் இருந்தன. ஒரு நல்ல கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தாங்களே படம் பிடித்துப் போட்டார்கள், வருமானம் ஏறத் தொடங்கியது. உங்களுக்கு அந்தக் கேமராகூட வேண்டாம். காலை எட்டு மணி வெளிச்சத்தில், சன்னலைத் திறந்து வைத்து, கைப்பேசியிலேயே எடுங்கள். அறையை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும் அகலக் கோணம் வேண்டாம்.

ஒரு மலை ஊரில் எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது ஏன் என்று புரியும். படத்தில் அழகான மர வீடு, பூந்தொட்டி, பனி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டி நின்ற இடத்திலிருந்து வீட்டுக்கு 63 படிகள் இறங்க வேண்டும், கைப்பிடி கிடையாது. அம்மா படி இறங்கவே இல்லை. சாலை ஓரத்துக் கல்லில் முந்தானையைத் தலைக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வேறு இடம் தேடி அலைந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. படி இருந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை, மலை என்றால் படி இருக்கும். ஒரு வரி எழுதியிருந்தால் அம்மா அந்தக் குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கீழ் அறையில் கட்டிலிலிருந்து குளியலறைக்கு எத்தனை அடி, மேல்நாட்டுக் கழிப்பறையா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று எழுதுங்கள். வயதானவர்களை அழைத்துவரும் பிள்ளைகள் இதைத்தான் தேடுகிறார்கள். செவ்வாய், புதனில் வரக்கூடியவர்களும் அவர்கள்தான். ஓய்வுபெற்றவர்களுக்குச் சனி, ஞாயிறு என்ன?

“பேரருவிக்கு ஐந்து நிமிடம்” என்று போட்டிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அது உண்மை. ஆடி மாத ஞாயிறு பத்து மணிக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டையும் எழுதுங்கள். விடியலில் போனால் கூட்டமில்லாமல் குளிக்கலாம், திரும்பியதும் சூடாக இட்லி தயாராக இருக்கும் என்று சேர்த்து எழுதினால் அந்த நெரிசலே உங்களுக்குத் துணையாகிவிடும்.

அறை பகல் 12 மணிக்குத்தான் என்றும் போட்டிருக்கிறீர்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து வருகிறவர்களைக் காலையில் தென்காசியில் இறக்கிவிடுகிறது. இரவெல்லாம் பயணம் செய்த குழந்தைகளுடன் ஒரு குடும்பம் பகல் வரை எங்கே போய் உட்காரும்? அறை காலியாக இல்லை என்றாலும் பரவாயில்லை. கூடத்தைத் திறந்து விடுங்கள். பல் தேய்க்க, முகம் கழுவ ஓர் இடம், பெட்டியை வைக்க ஒரு மூலை, ஒரு டம்ளர் காபி. அந்தக் காலை நேரத்துக் காபியைப் பற்றி விருந்தாளிகள் தாங்களாகவே எழுதுவார்கள். அதற்குப் பதினைந்தாயிரம் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை இருக்கிறது. மிக நல்ல தடை, தண்ணீர் கீழே குடிக்கவும் விவசாயத்துக்கும் போகிறது. ஆனால் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காகவே குற்றாலம் வந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு உங்கள் பின்கட்டில் ஒரு மணை, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், சீயக்காய், ஓர் அண்டா வெந்நீர் வைத்தால் போதும். மார்ச்சிலும் இதைக் கொடுக்கலாம், அருவியில் தண்ணீர் வேண்டும் என்பதே இல்லை.

மார்ச்சைப் பற்றித்தானே வருந்தினீர்கள். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் வந்து குளித்துப் போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது விடியலில் குளித்துப் பூஜை செய்யச் சுத்தமான இடமும் சைவச் சமையலும். ஓணம் விடுமுறையில் கேரளக் குடும்பங்கள் எல்லை தாண்டி வருகின்றன. ஆகவே விவரத்தை மலையாளத்திலும் எழுதி வையுங்கள், செங்கோட்டையில் எழுதித் தர ஆளுக்கா பஞ்சம்? தண்ணீர் வற்றிய மாதங்களில் அருவியின் பெயரையே எடுக்காதீர்கள். தென்காசி காசிவிசுவநாதர் கோயிலில் கோபுர வாசலைத் தாண்டும்போது முகத்தில் அறையும் அந்தக் காற்று, பண்பொழித் திருமலைக் கோயில், இலஞ்சிக் குமாரர், செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலை ரயிலும் வழியில் வரும் பதிமூன்று கண் பாலமும் எல்லாம் மார்ச்சிலும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு நாளுக்கான திட்டமாக ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அப்படியும் மார்ச் நிரம்பாது. ஏழெட்டு நாள் ஓடினால் நல்லது என்று வைத்துக்கொண்டு, மீதி நாளில் வெள்ளையடியுங்கள், குழாய்களைப் பாருங்கள்.

வாடகையை 4,500-க்கே கொண்டுபோங்கள். 3,000 என்று பார்க்கிறவர், இந்த வீட்டில் என்ன குறை என்றுதான் முதலில் நினைப்பார். வார நாளில் மூன்று இரவு தங்கினால் ஒரு நாள் மதியச் சாப்பாடு எங்கள் செலவு என்று சொல்லுங்கள், அது கௌரவமாக இருக்கும். சுற்றுலாத் துறைப் பதிவு, உணவுக்கான உரிமம், வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய படிவம் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருங்கள். இதில் சோம்பல் கூடாது.

ஆனியில் எங்களுக்கும் வர ஆசை. நான், தங்கை, அம்மா. அம்மாவுக்கு 81 வயது. கீழ் அறை, புதன்கிழமையிலிருந்து மூன்று இரவு. தேதியை இப்போது குறிக்க வேண்டாம். சாரல் கட்டியதும் உங்கள் மனைவியை விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், அன்றே டிக்கெட் எடுக்கிறேன். வாசலில் எத்தனை படி என்று மட்டும் இப்போதே எண்ணிச் சொல்லிவிடுங்கள். படத்தில் அது தெரியவில்லை.

அன்புடன்,
அக்கா