காயினைத் தேய்க்காதீர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தத் தடவை சேலஞ்ச் காயின் பற்றித்தான் அதிகக் கடிதங்கள். அமெரிக்க ராணுவப் படைப்பிரிவுகள் தங்கள் சின்னம் பொறித்துத் தரும் நினைவு வட்டு அது, செலவழிக்கிற காசு இல்லை. பெங்களூரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் இந்தக் காயின்களும் இங்கே வந்து சேர்ந்துவிடுகின்றன. “இது எவ்வளவு போகும்?” என்று ஒரே வரி எழுதிப் படம் அனுப்பாதவர்களுக்கு இங்கே பதில் இல்லை. படமில்லாமல் விலை சொல்ல முடியாது. போன தடவையும் இதைத்தான் எழுதினேன்.

அல்சூர் வாசகர்: அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் என் மாமா மகன் ஊருக்கு வந்திருந்தான். கிளம்பும்போது கை குலுக்கினான், கையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையில் ஒரு காயின். நான் என்ன செய்ய வேண்டும்? திருப்பித் தர வேண்டுமா?

வைத்துக்கொள்ளுங்கள். கைகுலுக்கலுக்குள் வைத்துத் தருவதுதான் அங்கே வழக்கம். மேடை, மாலை, பேச்சு எதுவும் இருக்காது. திருப்பித் தந்தால் அவர் மனம் நோகும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தேதி, இடம், அவருடைய படைப்பிரிவு, எதற்காகத் தந்தார் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் காயினோடு வையுங்கள். இன்றைக்கே எழுதுங்கள். இருபது வருஷம் கழித்து உங்கள் பிள்ளைக்கு அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் பித்தளை வட்டம்.

ராமமூர்த்தி நகர் வாசகர்: முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடமிருந்து தப்பிய அமெரிக்க விமானியை பிரெஞ்சுக்காரர்கள் உளவாளி என்று சுடப் போனார்களாம், கழுத்துப் பையில் இருந்த வெண்கலக் காயின் அவரைக் காப்பாற்றியதாம். உண்மையா?

கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. விமானியின் பெயரும் இல்லை, படைப்பிரிவின் பதிவும் இல்லை. இந்தக் காயின் வழக்கத்தின் தொடக்கம் என்று பெரும்பாலும் காட்டப்படுவது கொரியப் போர்க் காலத்து 17ஆவது காலாட்படை ரெஜிமென்ட். அப்புறம் 1960களில் 10ஆவது சிறப்புப் படைக் குழு. அதனால் “1918 ஒரிஜினல்” என்று யாராவது நீட்டினால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

மர்ஃபி டவுன் வாசகர்: கழுகு படம் போட்ட பெரிய காயின் என்னிடம் இருக்கிறது. நல்ல விலை கிடைக்குமா?

அமெரிக்கக் காயின்களில் கழுகு சர்வ சாதாரணம். முன்பக்கம், பின்பக்கம், ஓரம் என்று மூன்று படம் வேண்டும். விட்டம் மில்லிமீட்டரில் வேண்டும். ஓரத்தை யாருமே படம் எடுப்பதில்லை, விஷயமே அங்கேதான் இருக்கும். சில காயின்களில் வரிசை எண்ணே ஓரத்தில்தான் அடித்திருப்பார்கள்.

சாதாரணக் காயின் என்றால் ஐந்து, பத்து டாலர், அதாவது ஐந்நூறிலிருந்து ஆயிரம் ரூபாய். கலைக்கப்பட்ட படைப்பிரிவின் காயின், 1960களின் வார்ப்பு, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லும் கடிதம், இவை இருந்தால் மேலே போகும். ஜெனரல் பெயர் போட்டது, அதிபர் முத்திரை போட்டது என்று மயங்க வேண்டாம். அதிபர் கையால் தந்ததும் பரிசுப் பொருள் கடையில் விற்பதும் வேறு வேறு. இணையத்தில் கொட்டிக் கிடக்கும் “கமாண்டோ” காயின்கள் பெரும்பாலும் ஆர்டர் கொடுத்தால் யாருக்கும் அடித்துத் தருகிற சரக்கு. அச்சுக் கூலி கொடுத்தால் உங்கள் பெயரிலும் அடித்துத் தருவார்கள்.

ஆஸ்டின் டவுன் வாசகி: ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டலாமா?

கூடாது. அங்கே ஒருவர் காயினைத் தட்டிச் சவால் விட்டால் மற்றவர்கள் தங்கள் காயினைக் காட்ட வேண்டும், இல்லாதவர் பானம் வாங்கித் தர வேண்டும். சாவிக்கொத்தாகவோ பெல்ட் பக்கிளாகவோ மாற்றிய காயின் கணக்கில் சேராது என்பது அவர்கள் விதி. பானத்துக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டி வரும். ஓட்டை போட்ட காயினைச் சேகரிப்பவர்களும் வாங்க மாட்டார்கள்.

விவேக் நகர் வாசகர்: கொள்ளுத் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் இருந்தவர். முதல் உலகப் போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போய் வந்ததற்கான வெள்ளி மெடலும் தம்பி கொடுத்த சேலஞ்ச் காயினும் கறுத்துப்போயிருக்கின்றன. ஆயுத பூஜைக்குள் புளி போட்டுத் தேய்த்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார். பித்தளைப் பாலிஷ் நல்லதா, புளி நல்லதா?

இரண்டும் வேண்டாம். பற்பசை, விபூதி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் வேண்டாம். அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

காயினை முதலில் பார்ப்போம். மேலே தெரிகிற தங்க நிறம் முடியைவிட மெல்லிய பூச்சு. நாலு தேய்ப்பில் அது போய் உள்ளே இருக்கும் பித்தளை தெரியும். புளியின் அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தையும் இழுத்துவிடும், காயின் ரோஸ் நிறத்துக்குத் திரும்பும். அதற்கப்புறம் பழைய நிறம் வரவே வராது. எனாமல் குழிகளில் தங்கும் பாலிஷ் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து அப்படியே நிற்கும்.

மெடல் விஷயம் இன்னும் மோசம். முதல் உலகப் போர் வெள்ளி மெடலின் ஓரத்தில் வீரரின் எண், ரேங்க், பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸில் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். ஒரு சாதாரண சாப்பரின் பெயரை உலோகத்தில் வெட்டிவைத்த ஒரே இடம் பல குடும்பங்களில் அந்த ஓரம்தான். என் பெரியப்பா வீட்டிலும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று துலக்கிச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். பக்தியோடு செய்ததுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. எனக்கு நாற்பது வயதில் அதைப் பார்க்கக் கொடுத்தார்கள். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து லென்ஸில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தெரிந்தது. பெயர் இருந்த இடம் நகம்கூட வழுக்குகிற மாதிரி வழவழப்பாக இருந்தது. மெடலில் குதிரைமேல் இருந்த உருவத்துக்கு முகமே இல்லை. அந்த எண் முழுதாக இருந்திருந்தால் பதிவேடுகளில் தேடவாவது முடிந்திருக்கும்.

கறுப்பு என்பது வெள்ளி தானாகப் போர்த்திக்கொள்வது. அழுக்கு இல்லை. தூசி இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பூஜையில் வையுங்கள், தாராளமாக. தட்டில் ஒரு துணி விரித்து வையுங்கள், பொட்டு மட்டும் மெடலில் வேண்டாம்.

இன்னொன்று. வெள்ளிக் கடையில் எடை போட்டு விலை கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முப்பது கிராம் சொச்சம் வெள்ளி, அவ்வளவுதான் கடைக்காரருக்குத் தெரியும். 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது இப்படித்தான் ஏராளமான மெடல்கள் உருக்கப்பட்டன. பணம் தேவையென்றால் முதலில் ஓரத்தைப் படம் எடுங்கள், அப்புறம் மெடல் தெரிந்த ஆளிடம் போங்கள். நூறு வருஷம் தாண்டியதை வெளிநாட்டு வாங்குபவருக்குக் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது.

சிவாஜி நகர் வாசகர்: சட்டைப் பையில் காயின் வைத்துக்கொண்டு “நானும் ஆர்மிதான்” என்று சொன்னால் டோலில் விட்டுவிடுவார்களா?

செய்யாதீர்கள். ராணுவத்தார் என்று நம்பவைக்க உடையோ அடையாளப் பொருளோ வைத்திருப்பது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 140ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. மூன்று மாதம் வரை சிறை. ஒருவர் உழைத்து வாங்கிய அடையாளத்தை இப்படிப் பயன்படுத்த நினைப்பதே எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

ஃப்ரேசர் டவுன், ஒன்பதாம் வகுப்பு மாணவன்: என்னிடம் ஆறு காயின்கள் இருக்கின்றன. ஆல்பம் வாங்கலாமா?

ஆல்பம் சரி தம்பி, ஆனால் புதுசாகத் திறந்ததும் பிளாஸ்டிக் வாடை அடிக்கிற மெத்து மெத்து பிவிசி உறை வேண்டாம். அது நாளாவட்டத்தில் கசிந்து காயின்மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். மைலார் என்ற கசியாத பிளாஸ்டிக் உறையோ, வட்டப் பிளாஸ்டிக் டப்பாவோ வாங்கு. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்ச ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு. ஆறு காயினுக்கும் ஆறு சீட்டு எழுது, யார் தந்தது, எப்போது என்று. தந்தவர்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் போட்டுக் கேட்டுவிடு.