பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு: அல்லைடு பாடம் கணிதமா, விலங்கியலா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைத்திருக்கிறது. அல்லைடு பாடமாக, அதாவது மேஜரோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடமாக, கணிதம் அல்லது விலங்கியல் எடுக்கலாம் என்கிறார்கள். எதில் மார்க் வரும்? முதல் வருடத்தை எப்படித் திட்டமிடுவது?

கணிதம் எடுங்கள். அவசரமாக இருப்பவர்கள் இதோடு போய்விடலாம்.

"எதில் மார்க் வரும்" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். 2006-ல் இதே கேள்வியை நானும் கேட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற சீனியர் அக்கா ஒருவரிடம். "விலங்கியல் எடுத்துக்கடி, படம் வரைஞ்சாலே எழுபதைத் தாண்டிரும்" என்றார். பொய் சொல்லவில்லை. எனக்கு 84 வந்தது.

நீங்கள் பிளஸ் டூவில் கணிதம் உள்ள குரூப் படித்தவர், ஆனால் கணிதம் என்றால் வயிற்றைக் கலக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். பயம் இல்லாதவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். பிளஸ் டூவில் கணிதமே படிக்காதவர் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை, பெரும்பாலும் கல்லூரியே விடாது. சில கல்லூரிகளில் தேர்வு செய்யும் பேச்சே கிடையாது, கொடுத்ததைப் படிக்க வேண்டியதுதான். விலங்கியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மருந்து, உயிர்வேதியியல் பக்கம் போகிறவருக்கு அது நல்ல அடித்தளம். நான் அந்தப் பக்கம் போகும் எண்ணத்தில் எடுக்கவில்லை, ஓடி ஒளிய எடுத்தேன். அதைத்தான் தப்பு என்கிறேன்.

அந்த வருடம் ஜாலியாகத்தான் போனது. கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்லைடில் வரிசையாக வைத்துக் காட்ட வேண்டும். எனக்குக் கை நடுங்காது, அதனால் மற்றவர்களுக்கும் நானே வைத்துக் கொடுப்பேன். பக்கத்து வகுப்பில் கணிதம் எடுத்தவர்கள் அணிகள், வகைக்கெழுச் சமன்பாடு, அதைத் தீர்க்க உதவும் லாப்லாஸ் மாற்றம் என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நாலு வருடம் கழித்து வட்டியோடு கட்டினேன்.

எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் புராஜெக்ட் செய்ய சிக்ரியில் இடம் கிடைத்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத்தான் எங்கள் ஊரில் சிக்ரி என்போம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது அந்த மதிலைத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே கால் வைத்த நாளில் இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு கரைசலில் மின்முனையைப் போட்டு, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் திரையில் வாத்து மாதிரி ஒரு வளைவு வரும். வேகத்தைக் கூட்டினால் வாத்தின் தலை உயரும். எவ்வளவு உயர்கிறது என்று நான் வரைந்து காட்ட வேண்டும். விநாடிக்கு 10, 20, 50, 100 மில்லிவோல்ட் வேகங்களில் எடுத்து, வேகத்துக்கு எதிராக உச்ச மின்னோட்டத்தைப் போட்டேன். நேர்கோடு வரவில்லை, வளைந்துகொண்டே போனது. மூன்று நாள் கரைசலை மாற்றி மாற்றிச் செய்தேன். மின்முனையைத் தேய்த்துத் தேய்த்து என் விரல்தான் தேய்ந்தது.

அங்கிருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பார்த்துவிட்டு, "வேகத்தோட வர்க்கமூலத்துக்குப் போடும்மா" என்றார். போட்டேன். அளவுகோல் வைத்தது போல் நேர்கோடு. ஏன் வர்க்கமூலம் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், கேலி செய்யவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "அயனி பரவுறதுக்கு ஃபிக் விதி இருக்குல்ல, அந்தச் சமன்பாட்டை லாப்லாஸ் மாற்றத்துல ஆரம்பிச்சா வந்துரும். அல்லைடு மேத்ஸ்ல படிச்சிருப்பீங்களே."

நான் தலையை ஆட்டினேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அப்புறம் யார் காப்பாற்றினார் என்பதைச் சொல்ல எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு என்கிறேனே தவிர, எங்களுடையது இல்லை. என் அப்பா கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமத்தில் செட்டியார் வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். வீட்டுக்குச் சொந்தக்காரப் பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும். பொங்கல், கல்யாணம் என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு எல்லாவற்றுக்கும் நாங்கள் மூன்று பேர்தான். படுப்பது பின்கட்டில் ஒரு அறையில்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. கட்டணச் சலுகைக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனபோது, நான் படித்த கல்லூரியின் கிளார்க் முகவரியைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டு நிலைக்கதவை வித்தாலே மூணு தலைமுறை படிக்கலாமே" என்று பக்கத்து மேஜைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். வருமானச் சான்றிதழ் கையில் இருந்தது, அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. செட்டிநாடு என்றாலே தேக்குத் தூணும் கோழிக் குழம்பும்தான் எல்லோருக்கும் நினைவு. அந்தத் தூணுக்குத் தூசி தட்டுகிற குடும்பத்துக்கும் அதே கதவு எண்தான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. சரி, விடுங்கள்.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். சாயங்காலம் அப்பாவோடு பேச வந்து முகப்பில் உட்காருவார். அழுத முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். "ஏத்தா, ஒரு ரூபாய்க் காசும் சாக்பீஸும் எடுத்துட்டு வா" என்றார்.

தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், பூப்போட்ட சதுரங்கள். நடுவில் ஒரு கல்லில் என்னை நிற்கச் சொன்னார். காசைச் சுண்டு, தலை விழுந்தால் வலப்பக்கம் ஒரு கல், பூ விழுந்தால் இடப்பக்கம் ஒரு கல். நாலு தடவை சுண்டியதும் நின்ற இடத்துக்கும் ஆரம்பித்த கல்லுக்கும் எத்தனை கல் என்று எண்ணி, அதை அதனாலேயே பெருக்கிச் சாக்பீஸால் எழுது. திரும்ப முதலிலிருந்து. இப்படி முப்பது தடவை. சராசரி எடுத்தால் நாலுக்குப் பக்கத்தில் வந்தது. அப்புறம் பதினாறு தடவை சுண்டச் சொன்னார். அதற்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று, அம்மாவும் வந்து காசு சுண்டினார். சராசரி பதினாறை ஒட்டி வந்தது.

"எத்தனை அடி வச்சியோ அது தூரத்தோட வர்க்கத்துக்குச் சமம். அப்ப தூரம் என்ன? வர்க்கமூலம். நாலு மடங்கு நேரம் நடந்தாலும் ரெண்டு மடங்கு தூரம்தான் போவே. உன் அயனியும் இப்படித்தான் தட்டுத்தடுமாறி நடக்குது" என்றார்.

இதுவே முழு நிரூபணம் என்று சொல்ல வரவில்லை. தெரிந்தவர்கள் திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: பரவலுக்கு ஏன் வர்க்கமூலம் வருகிறது என்பது மட்டும்தான் இதில் புரியும். அந்த வாத்துத் தலையின் உயரத்தைக் கணக்கிட லாப்லாஸ் வேண்டும், அதற்கு மேலும் வேண்டும். ஆனால் பயம் போனது அந்தத் தரையில்தான். அதற்குப் பிறகு ஆறு மாதம், அடுத்தவர் முதலாண்டில் படித்த அல்லைடு கணிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் படித்தேன். பதினேழு வயதில் வாரம் சில மணி நேரத்தில் படித்திருக்க வேண்டியதை இருபத்தொரு வயதில், புராஜெக்டுக்கு நடுவில், ராத்திரியில் படித்தேன். இப்போது வெளியூரில் ஒரு பேட்டரித் தொழிற்சாலையின் தரச் சோதனைக் கூடத்தில் இருக்கிறேன். கணிதம் இல்லாமல் ஒரு நாள் போகாது. கரப்பான்பூச்சியைச் சமையலறையில் பார்ப்பதோடு சரி.

இனி உங்கள் முதல் வருடம். பாடத்தை நீங்கள் பெரிதாகத் திட்டமிட முடியாது, டைம்டேபிளை அவர்களே கொடுத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆறு டே ஆர்டர் (கிழமைக்குப் பதிலாக முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு நாள் சுற்று), நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரம் முப்பது. தமிழ் முதல் பகுதி, ஆங்கிலம் இரண்டாம் பகுதி, மேஜரும் அல்லைடும் மூன்றாம் பகுதி, சுற்றுச்சூழல் மாதிரிச் சின்னத் தாள்கள் நான்காம் பகுதி. 2022-லிருந்து நான் முதல்வன் திட்டத்தின் வகுப்புகளும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் கையில் இருப்பது அந்த அல்லைடு ஒன்றுதான், அதனால்தான் அதிலேயே நிற்கிறேன்.

எம்.எஸ்சி. சேர்க்கையில் மூன்றாம் பகுதி சதவீதத்தைப் பார்ப்பார்கள், அல்லைடு மார்க்கும் அதில் சேரும், கணிதம் எடுத்துக் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். ஐந்தாறு மார்க் குறையலாம். ஆனால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வின் வேதியியல் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். வகையீடு, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு, அணிகள் எல்லாம் வேதியியல் தாளுக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே விலங்கியல் 84-ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அது போகட்டும், முதல் செமஸ்டர் மேஜரிலேயே அணு அமைப்பு என்று ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் அதைச் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்தேன்.

கல்லூரி திறக்கும்வரை பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் வகையீடும் தொகையீடும் மட்டும் ஒரு சுற்றுப் போட்டுவிடுங்கள், வேறு டியூஷன் எதுவும் வேண்டாம். அப்புறம் தமிழ்த் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். என் வகுப்பில் மேஜரில் முதலாவதாக வந்த பையன் முதல் செமஸ்டர் தமிழில் அரியர் வைத்தான். பஸ்ஸில் போய் வருகிறவர் என்றால் பிராக்டிகல் எந்த நாள் மதியம் என்று முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான்.

விலங்கியல் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? வகுப்பு ஆரம்பித்த முதல் சில நாட்களில் கேட்டால் மாற்றிக் கொடுக்கும் துறைகள் உண்டு. நாளைக்கே துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டால் எனக்கு எழுதுங்கள், என் விலங்கியல் ரெக்கார்டு நோட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது. படமெல்லாம் நன்றாகவே போட்டிருப்பேன்.