படத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர்களுக்கு அந்தப் படம் எப்படி அஞ்சலி செலுத்த வேண்டும்?

சில வருடங்கள் எடிட்டிங் அசிஸ்டெண்டாக இருந்தவன் நான். இறந்தவர் பேரைத் திரையில் காட்டுகிற அஞ்சலி கார்டு செய்கிற வேலை என்னை மாதிரி ஆட்களிடம்தான் வரும், அதுவும் கடைசி நாளில், சென்சாருக்கு அனுப்புகிற அவசரத்தில். அதனால் என் எதிர்பார்ப்பு ரொம்பச் சின்னது. பேர் தப்பில்லாமல் இருக்கணும். என்ன வேலை பார்த்தார் என்று இருக்கணும். சீட்டில் இருப்பவர் படித்து முடிக்கிறவரை திரையில் நிற்கணும். இந்த மூன்றுக்கே இங்கே வழியில்லை.

ஒரு சின்ன பட்ஜெட் படம். ஷூட்டிங் முடிந்து ரிலீஸுக்குள் லைட்மேன் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். நான் அவரை நேரில் பார்த்ததே இரண்டு முறைதான். ஆனால் அவர் கை எனக்கு நன்றாகத் தெரியும். கிளாப் அடிப்பதற்கு முன்னால் ஃபிரேம் ஓரத்தில் தெர்மாகோலைப் பிடித்தபடி ஒரு கை வரும், மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. ஹீரோயின் முகத்தில் வெளிச்சம் சரியாக விழும்வரை அரை அங்குலம் அரை அங்குலமாகத் திருப்பும். 'கட்' சொன்ன பிறகும் சட்டென்று இறங்காது, இன்னொரு டேக் போவார்களோ என்று காத்திருக்கும். எடிட்டிங்கில் நாங்கள் முதலில் வெட்டி எறிவது இந்த முன்னும் பின்னும்தான்.

அதில் நாலு வினாடியை எடுத்து, மேலே அவர் பேரைப் போட்டுப் படத்தின் ஆரம்பத்தில் வைக்கலாம் என்று சொன்னேன். நீளம் கூடிவிடும் என்றார்கள். கடைசியில் மாலை போட்ட பாஸ்போர்ட் போட்டோ, ரோலிங் டைட்டிலுக்கு அப்புறம், 3 வினாடி. 72 ஃபிரேம்.

முதல் நாள் மாலைக் காட்சிக்கு அவர் வீட்டிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். படம் முடிந்ததும் வழக்கம்போல லைட்டைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் எழுந்து நிற்க, பின்னால் யாரோ பார்க்கிங்கில் வண்டி எடுக்க அவசரப்படுத்த, அந்த ஐந்து பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பையன் மொபைலைத் தூக்கிப் பிடித்திருந்தான். கார்டு வந்தது, ஃபோகஸ் ஆவதற்குள் போய்விட்டது.

புகைபிடிக்கும் காட்சி இருக்கிற படத்துக்கு ஆரம்பத்திலும் இடைவேளை சமயத்திலும் 30 வினாடி புகையிலை எச்சரிக்கைப் படம் ஓட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பேங்க் மேனேஜர் முதல் பங்களா ஓனர் வரை நன்றி சொல்ல முன்னால் இடம் இருக்கும்போது, செத்துப்போன மனுஷனுக்குப் பத்து வினாடி இல்லையா? நம் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரே இதைவிட ஒழுங்காகச் செய்கிறது. தோற்றம், மறைவு, பேருக்குப் பின்னால் தொழில், கீழே வருந்துகிறவர்கள் யார் என்பது வரை இருக்கும்.

நடிகர்கள் விஷயம் வேறு. அவர்கள் முகமே அஞ்சலி. விவேக் 2021 ஏப்ரலில் காலமானார், 'இந்தியன் 2' 2024 ஜூலையில்தான் வந்தது. நெடுமுடி வேணு, மனோபாலா இருவரும்கூட அதற்குள் இல்லை. நான் பார்த்த தியேட்டரில் விவேக் வந்ததும் கைதட்டினார்கள். பேச ஆரம்பித்ததும் அது அவர் குரல் இல்லை என்று காது சொல்லிவிட்டது. அதில் தப்பொன்றும் இல்லை. டப்பிங் முடிக்காமல் போனவருக்கு யாராவது பேசித்தானே ஆகணும். கன்னடத்தில் புனீத் ராஜ்குமாரின் 'ஜேம்ஸ்' படத்துக்கு அவர் அண்ணன் சிவராஜ்குமார் பேசினார். தம்பி வாயசைவுக்கு அண்ணன் மைக் முன்னால் நின்று பேசியதைவிட ஒரு கார்டு என்ன சொல்லிவிடப் போகிறது?

ஏஐ குரலுக்கும் நான் எதிரி இல்லை, ஆனால் கணக்கு நேராக இருக்க வேண்டும். 'லால் சலாம்' பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கி உரிய சம்பளமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் சொன்னார். அது சரி. விஜய்யின் 'கோட்' படத்தில் மறைந்த பாடகி பவதாரிணி குரலைக் கொண்டுவந்தது சொந்தத் தம்பி யுவன், அங்கே நாம் கேள்வி கேட்க ஒன்றுமில்லை. கேட்காமல், கொடுக்காமல் செய்தால் அதற்கு அஞ்சலி என்று பேர் வைக்கக் கூடாது.

வேலை செய்யும்போதே சாகிறவர்கள் விஷயத்தில்தான் எனக்குக் கார்டு மேலேயே கோபம் வரும். அதே 'இந்தியன் 2' செட்டில், 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி பக்கம் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவருமே கேமராவுக்குப் பின்னால் வேலை பார்த்தவர்கள். கமல்ஹாசன் குடும்பங்களுக்கு ஒரு கோடி ரூபாய் தருவதாக அறிவித்தார். நல்ல மனசு. ஆனால் லைட்மேன், ஃபைட்டர், செட் ஆட்கள் குடும்பம் யாரோ ஒருவரின் நல்ல மனசை நம்பி இருக்கக் கூடாது. முதல் நாள் ஷூட்டிங்குக்கு முன்பே இன்ஷூரன்ஸ் போட்டிருக்க வேண்டும், அந்தப் பேப்பரைக் காட்டாமல் பூஜையே போடக்கூடாது. கார்டெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்தப் பையன் ஒரு வாரம் கழித்து நம்பர் வாங்கி எனக்குப் போன் செய்தான். "அண்ணே, அப்பா போட்டோ வந்துச்சுல்ல, அத மட்டும் அனுப்ப முடியுமா? வருஷ திவசத்துக்கு பிரேம் போடணும்." கார்டை ஒரு ஸ்டில்லாக எடுத்து வாட்ஸப்பில் போட்டேன். கூடவே அந்த நாலு வினாடி கையையும். பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு வரி வந்தது: "அண்ணே, இனிஷியல் எம் இல்ல, என்."

ஃபோட்டோஷாப்பில் மாற்றி அனுப்பினேன். படம் இப்போதும் ஓடிடியில் ஓடுகிறது. அதில் எம்தான்.