வீட்டில் கலக்கும் ராப் ராய் ஏன் மருந்து நெடியோடும் நீர்த்தும் போகிறது?

ராப் ராய் என்பது ஸ்காட்ச் விஸ்கியும் வெர்முத்தும் கலந்த காக்டெயில். விலை கூடிய ஸ்காட்ச் வாங்கியும் அது மருந்து நெடியோடு நீர்த்துப்போய்ச் சுவைக்கவில்லை என்றும், இன்னும் நல்ல விஸ்கிக்கு மாற வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விஸ்கியை மாற்ற வேண்டியதில்லை. சிங்கப்பூர் வீடுகளில் இந்தப் பானம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வெர்முத்தும் பனிக்கட்டியும்தான் என்பது என் கருத்து.

வெர்முத் என்பது மூலிகைகளும் சற்று மதுசாரமும் சேர்த்த திராட்சை மதுவே. அதன் வலிமை பதினைந்து முதல் பதினெட்டு விழுக்காடு வரைதான் இருக்கும் என்பதால், விஸ்கியைப் போல அலமாரியில் ஆண்டுக்கணக்கில் நிற்காது. மூடியைத் திறந்ததும் காற்றுப் பட்டு மாறத் தொடங்கிவிடும்; முப்பது பாகைக்கு மேல் புழுங்கும் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் அந்த மாற்றம் இன்னும் விரைவாக நடக்கும். பழவாசம் முதலில் போய், கசப்பும் புளித்த வாடையும் எஞ்சும். நீங்கள் மருந்து நெடி என்று சொல்வது அநேகமாக அதுவே. திறந்த புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒன்றிரண்டு மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். தனியாளாக எப்போதாவது அருந்துபவர் என்றால் சிறிய புட்டியாகத் தேடி வாங்குவதே சிக்கனம். கலப்பதற்கு முன் அரைக் கரண்டி வெர்முத்தைத் தனியே சுவைத்துப் பாருங்கள். அது மட்டுமே குடிக்கத் தக்கதாக இல்லாவிட்டால், எந்த விஸ்கியாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

அளவு எளிது: ஸ்காட்ச் 60 மில்லிலிட்டர், இனிப்பு வெர்முத் 30 மில்லிலிட்டர், அங்கோஸ்துரா பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாறு, புட்டியை இருமுறை உதறினால் விழும் அளவு. 1894-ஆம் ஆண்டு நியூயார்க்கின் வால்டோர்ஃப் விடுதியில், அப்போது மேடையேறிய ராப் ராய் என்ற இசை நாடகத்தின் பெயரால் இது உருவானது என்பார்கள். மன்ஹாட்டன் என்ற காக்டெயிலில் ரை தானிய விஸ்கி வகிக்கும் இடத்தை இதில் ஸ்காட்ச் பிடித்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும், புகைமணம் தூக்கலான விஸ்கிகள் வெர்முத்தை விழுங்கிவிடும் என்பதால், மென்மையான கலப்பு ஸ்காட்ச்சையே நான் எடுப்பேன். இனிப்பு மிகுதி என்று தோன்றினால், வெர்முத்தில் பாதியை இனிப்புக் குறைந்த உலர் வகையாக மாற்றிக்கொள்ளலாம்.

நீர்த்துப் போவதற்குப் பனிக்கட்டியைத்தான் பார்க்க வேண்டும். கடையில் பை பையாக விற்கும் பனிக்கட்டி, நம் வெயிலில் வீடு வந்து சேர்வதற்குள் மேற்பரப்பெல்லாம் ஈரமாகிவிடுகிறது. அந்த ஈரம் குளிர்விக்காமலேயே பானத்தில் நீரைச் சேர்க்கும். உறைபெட்டியிலிருந்து அப்போதே எடுத்த, உலர்ந்த பெரிய கட்டிகளைக் கலக்கும் குவளையின் முக்கால் பங்குக்கு நிரப்புங்கள். பிறகு பாயசம் கிண்டுவதுபோல் கிண்டாமல், நீண்ட கரண்டியின் முதுகு குவளையின் உட்சுவரை ஒட்டியே வழுக்கிச் செல்லும்படி, கட்டிகள் எல்லாம் ஒன்றாகச் சுழலுமாறு, சுமார் முப்பது வினாடி சுற்றுங்கள். கட்டிகள் கடகடவென்று மோதும் ஓசை கேட்டால் கை வேகம் கூடிவிட்டது என்று பொருள். எலுமிச்சைச் சாறோ முட்டையோ இல்லாத பானம் என்பதால் குலுக்கத் தேவையில்லை. குலுக்கினால் காற்றுக் குமிழ்கள் புகுந்து, தெளிந்த செம்பழுப்பு நிறம் கலங்கிவிடும்.

நீரே சேரக் கூடாது என்று நினைக்க வேண்டாம். தொடக்க அளவில் ஏறத்தாழ கால் பங்கு நீர் உருகிச் சேர்ந்தால்தான் விஸ்கியின் காரம் அடங்கி மணம் எழும். முன்னதாகவே உறைபெட்டியில் வைத்துக் குளிரவைத்த கிண்ணத்தில் வடித்து ஊற்றுங்கள். அலங்காரத்துக்கு வழக்கம் செர்ரிப் பழம். பேரங்காடிகளில் கிடைக்கும் பளீர்ச் சிவப்புச் செர்ரியின் சர்க்கரைப்பாகு எனக்குப் பிடிப்பதில்லை. அதற்குப் பதிலாக எலுமிச்சைத் தோலை ஒரு சீவல் எடுத்து, வெளிப்புறம் பானத்தை நோக்கியிருக்கும்படி மடக்கிப் பிழிந்தால், நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மேற்பரப்பில் படர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

விருந்தினர் வரும் நாளில், ஆளுக்கு இருபது மில்லிலிட்டர் குடிநீரும் சேர்த்து மொத்தமாகக் கலந்து, உறைபெட்டியில் ஓரிரு மணி நேரம் வைத்தால் போதும், சுற்றும் வேலையே இல்லை. இரவு முழுவதும் விட்டால் பனிக்கூழாகிவிடும். ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 23 கிராம் மதுசாரம் இருப்பதால், காரில் வந்திருப்பவருக்கு மட்டும் வேறு ஏதாவது ஊற்றிக் கொடுங்கள்.