பாலைவன மலைகளில் நாலு நாள் நடக்கப் போகிறேன், இதுதான் முதல் தடவை. எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

தண்ணீரை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வெயிலில் சுமையோடு ஏறும்போது ஒருவருக்கு நாளைக்கு 4, 5 லிட்டர் தேவைப்படும். நாலு நாளைக்கும் சேர்த்துச் சுமந்தால் தண்ணீர் மட்டுமே 16 முதல் 20 கிலோ வந்துவிடும், நடக்க முடியாது. ஆகவே வழியில் ஊற்று எங்கே இருக்கிறது, நீங்கள் போகிற மாதத்தில் அதில் தண்ணீர் நிற்குமா என்று அண்மையில் போய்வந்தவர்களிடம் விசாரித்துவிட்டு, அதை வைத்து ஒவ்வொரு நாள் தூரத்தையும் முடிவு பண்ணுங்கள். வரைபடத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நான் அப்படி நம்பிப் போனவன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துச் சுருண்டு கிடந்தது. ஒரு பாளத்தைத் தூக்கினால் அடியில் லேசான ஈரம். முழங்கை ஆழம் தோண்டி ஒரு மணி நேரம் காத்திருந்ததில் ஊறியது ஒரு டம்ளர் கலங்கல். கூட வந்த நண்பர் எதுவும் பேசாமல் எல்லா பாட்டிலையும் பாறைமேல் வரிசையாக வைத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்தரை லிட்டர். அடுத்த ஊற்றுக்கு முழுநாள் நடை, அதுவும் வற்றியிருந்தால்? காலையில் குடித்துவிட்டு வந்த ஊற்று அரைநாள் பின்னால் இருந்தது. நிலா எழுந்ததும் திரும்பி நடந்தோம். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் அவர் செய்ததுதான் சரி.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு உப்பு போகிறது என்று தெரியாது. சட்டை முதுகில் வெள்ளைக் கோடு படிந்திருப்பதைப் பார்த்தால் புரியும். ரத்தத்தில் சோடியம் குறைந்தால் தலைவலி, குமட்டல், பிறகு குழப்பம் என்று போகும். உப்புள்ள தின்பண்டமோ உப்புக்கரைசல் பொடியோ கையில் இருக்கட்டும்.

விடியுமுன் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டு, நாலு மணிக்கு மறுபடி நடக்கலாம். காற்றில் ஈரம் இல்லாததால் ராத்திரியில் சூடு சட்டென்று இறங்கிவிடும், நல்ல தூக்கப்பை வேண்டும்.

வறண்ட ஓடையின் மணல் மெத்தை மாதிரி இருக்கும். அதில் படுக்கவே கூடாது. எங்கோ தொலைவில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். இரண்டு பக்கப் பாறை இடுக்குகளையும் பாருங்கள்: ஆள் உயரத்துக்கு மேலே சருகும் குச்சியும் சிக்கியிருந்தால், முன்பு வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

கலங்கல் தண்ணீரை அப்படியே வடிகட்டியில் ஊற்றினால் அது அடைத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேலாக எடுங்கள். அப்புறம், காலையில் ஷூவை உதறிவிட்டுத்தான் கால் நுழைக்க வேண்டும், உள்ளே தேள் இருக்கலாம்.