வாசகர் கேள்வி–பதில்: முதல் டிராக் ஓட்டமும் இடது காலும்

பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்திலிருந்தும் இம்முறை டிராக் ரேஸ் பற்றிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரு சொல் குழப்பம்: நேர்கோட்டில் 402 மீட்டர் ஓடுவதும் டிராக், வளைந்து சுற்றும் தளமும் டிராக் என்றே நம் எழுத்தில் வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் டிராக் என்றால் நேர்கோட்டு ஓட்டம்தான். மற்றதைத் தளம் என்று எழுதுகிறோம்.

கே: என்னிடம் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட், ஐந்து கியர். முதல் முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஐயாயிரம் ஆர்.பி.எம்.மில் (என்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரம் முறை சுற்றும்போது) கிளட்சைப் படாரென்று விட்டால்தான் வண்டி பாயும் என்கிறார்கள் நண்பர்கள். சரியா? – வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: பாயாது. முன் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். முன்சக்கர இழுவை வண்டி கிளம்பும்போது எடை பின்னால் போய்விடுகிறது. இழுக்க வேண்டிய முன் டயரின் மேல் பாரம் குறைகிற அதே நொடியில் ஐயாயிரம் சுற்றின் வேகத்தையும் கொண்டுபோய்க் கொட்டினால் ரப்பர் பிடிக்காது. சில வண்டிகளில் டயர் வழுக்கிப் பிடித்து, வழுக்கிப் பிடித்து முன்பக்கம் தடதடவென்று குதிக்கும். என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிவதும் சக்கரத்தைச் சுற்றும் ஆக்சிலின் மூட்டான சி.வி. ஜாயின்ட் உடைவதும் அந்தக் குதிப்பில்தான். குதிக்க ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரை உடனே விடுங்கள். அந்த ஓட்டம் போகட்டும்.

உங்கள் வண்டிக்கு 3,000 ஆர்.பி.எம்.மில் தொடங்குங்கள். ஆக்சிலேட்டரை அந்த அளவில் அசையாமல் வைத்துக்கொண்டு, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம் வரை காலைச் சட்டென்று உயர்த்துங்கள். அந்த இடத்தில் அரை வினாடி, அதிகம் போனால் முக்கால் வினாடி, காலை நிறுத்தி வையுங்கள். வண்டி நகர்ந்ததும் மீதியை விட்டுக்கொண்டே வலது காலை முழுதாக அழுத்துங்கள். டயர் லேசாகக் கீச்சிட்டால் சரியான அளவு. நீளமாக அலறினால் அடுத்த ஓட்டத்தில் 300 ஆர்.பி.எம். குறைக்க வேண்டும். முள் 2,000க்குக் கீழே விழுந்து வண்டி மூச்சுத் திணறினால் 300 கூட்ட வேண்டும். ஓர் ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான். ஆர்.பி.எம்.மையும் டயர் காற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

பந்தய இடத்துக்குப் போகும் முன்பே கிளட்சைச் சோதித்துவிடுங்கள். காலியான இடத்தில் நான்காம் கியரில் 50 கி.மீ. வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. அந்தப் பிளேட்டோடு டிராக் ஓடினால் வீட்டுக்குக் கயிறு கட்டித்தான் வர வேண்டும்.

கே: கியர் மாற்றும்போது தவறினால் என்ஜின் போய்விடும் என்கிறார்களே, எப்படி? – வாசகர், ஆனைமலை

ப: மேலே தவறினால் ஒன்றும் ஆகாது. இரண்டிலிருந்து ஐந்துக்குப் போனால் வண்டி சோம்பிப் போகும், அவ்வளவுதான். கீழே தவறினால்தான் ஆபத்து. முதல் கியர் விகிதம் 3.5, இரண்டாவது 1.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் 6,000 ஆர்.பி.எம். எடுத்துவிட்டு மூன்றுக்குப் பதிலாக ஒன்றில் போட்டுக் கிளட்சை விட்டால், சக்கரம் என்ஜினை 11,000க்கு மேல் சுற்ற வைக்கும். என்ஜின் சுற்றுக்கு வரம்பு கட்டும் ரெவ் லிமிட்டர் இதைத் தடுக்காது. அது எரிபொருளைத்தான் நிறுத்தும், சுற்ற வைப்பது சக்கரமல்லவா? வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடிக்கும்.

நம் வண்டியில் கியர் போடுவது இடது கை. ஒன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கும்போது கியர் கம்பியைப் பக்கத்து சீட்டு நோக்கி லேசாகத் தள்ளியபடி நேராகப் பின்னால் இழுங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது அந்தத் தள்ளலை விட்டுவிட வேண்டும். உள்ளங்கையைத் திறந்து வைத்து முன்னால் தள்ளினால் போதும், நடுவில் கொண்டுவந்து நிறுத்துவதை ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும். பதற்றத்தில் கம்பியை முறுக்கிப் பிடிப்பவர்களுக்குத்தான் ஒன்றில் விழுகிறது. வீட்டு வாசலில் என்ஜினை அணைத்து வைத்து ஐம்பது முறை போட்டுப் பாருங்கள். கண் கம்பியைத் தேடக் கூடாது.

1.2 பெட்ரோலில் முதல் கியர் சுமார் 45 கி.மீ. வரை, இரண்டாவது 80ஐ ஒட்டி. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது மூன்றின் உச்சியில் இருப்பீர்கள். ஆக, முழு ஓட்டத்துக்கும் இரண்டே மாற்றம். கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் லிமிட்டர் தொட்டாலும் நான்குக்குப் போகாதீர்கள், மாற்றும் நேரம்தான் நஷ்டம். உச்ச சக்தி 6,000 ஆர்.பி.எம்.மில் என்றால் 6,200ஐ ஒட்டி மாற்றுங்கள். ஆக்சிலேட்டரில் காலை வைத்துக்கொண்டே கிளட்சை மிதித்து மாற்றும் வித்தை முதல் நாளில் வேண்டாம்.

கே: டீசல் வண்டிக்கும் இதே கணக்கா? – வாசகர், வேலந்தாவளம்

ப: இல்லை. பழைய 1.3 டீசலுக்கு உச்ச சக்தி 4,000 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும். 4,300க்கு மேல் இழுப்பது வீண். கிளம்புவதற்கு 2,000ஐ ஒட்டி வையுங்கள். அதற்குக் கீழே டர்போ எழுந்திருக்காது. பல புது வண்டிகளில் கால் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒன்றாக மிதிபட்டால் என்ஜின் சக்தியைக் கம்ப்யூட்டர் குறைத்துவிடும். ஆகவே வண்டியை ஹேண்ட் பிரேக்கில் பிடியுங்கள். ஓட்டம் முடிந்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைக்கவும்.

கே: கிளம்பும் கோட்டில் நிற்கும் விளக்குக் கம்பத்தைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. எந்த விளக்கில் கிளம்புவது? – வாசகர், கோவிந்தாபுரம்

ப: மேலே இருக்கும் இரண்டு சின்ன விளக்குகள் உங்கள் முன் டயர் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்பவை. தரையை ஒட்டி இரண்டு ஒளிக்கற்றைகள் போகின்றன. முதலாவதை டயர் மறைத்தால் முதல் விளக்கு எரியும். பிறகு அங்குலம் அங்குலமாக நகர்ந்து இரண்டாவது எரிந்த அதே இடத்தில் நிறுத்துங்கள். முன்னால் போய் நிற்காதீர்கள். கற்றையை டயர் விட்டு விலகும்போதுதான் உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கும். எனவே பின்னால் நிற்பவருக்கு அந்தச் சில அங்குல ஓட்டம் இலவசம்.

அடுத்து மூன்று மஞ்சள் விளக்குகள், அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக. பிறகு பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம்தான். மூன்றாவது மஞ்சள் எரிந்ததும் காலை விடுங்கள். உங்கள் காலும் வண்டியும் அசைவதற்குள் பச்சை வந்துவிடும். மூன்று மஞ்சளும் ஒன்றாக எரியும் முறையும் உண்டு. அங்கே பச்சைக்கு 0.4 வினாடிதான்.

நடுக்கம் போக ஒரு சேதி: தாமதமாகக் கிளம்பினாலும் உங்கள் ஓட்ட நேரம் கெடாது. சக்கரம் அசைந்த பிறகுதான் அந்தக் கணக்கு. பக்கத்து வண்டியிடம் தோற்கலாம், ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டில் நல்ல நேரம் வரலாம். முதல் நாளில் பக்கத்து வண்டியைப் பார்க்கவே வேண்டாம்.

கே: முந்தின நாள் வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்? – வாசகர், பொள்ளாச்சி

ப: டிக்கியைக் காலி செய்வதில் ஆரம்பியுங்கள். ஜாக், ஸ்டெப்னி, குடை, போன வாரத் தேங்காய், எல்லாம் வெளியே. ஓட்டுபவர் பக்கத்துத் தரை விரிப்பு கட்டாயம் வெளியே, அது சுருண்டு கிளட்சுக்கு அடியில் போனால் பெடல் முழுதாக இறங்காது. டேங்கில் கால் பங்கு போதும். 37 லிட்டர் டேங்கை நிரப்பாமல் கால் பங்கில் வைத்தால் சுமார் 20 கிலோ மிச்சம். 18 வினாடி ஓட்டத்தில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி.

காற்று: கம்பெனி அளவு 33 பி.எஸ்.ஐ. என்றால் முன்னால் 29, பின்னால் 36. 26க்குக் கீழே போகாதீர்கள், டயரின் பக்கச்சுவர் நெளியும். வீடு திரும்பும் முன் பழைய அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள். டயர் ஓரத்தில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயர் வேண்டாம். வீல் நட்டை டார்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். பேட்டரி கிளாம்ப் ஆடக் கூடாது. ஆயில், கூலன்ட் ஒழுகினால் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூ. செருப்பு ஆகாது.

ஏ.சி. அணைக்கவும். சக்கரம் வழுக்கினால் சக்தியைக் குறைக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தால் அணைக்கவும். டயரைச் சுழற்றிச் சூடாக்குவதற்காகத் தண்ணீர் தெளித்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். சாலை டயரின் பள்ளங்களில் தண்ணீர் ஏறினால் அதை நீங்களே கிளம்பும் கோடு வரை சுமந்துகொண்டு போய் அங்கே வழுக்குவீர்கள். புகை கிளப்பும் ஆட்டமெல்லாம் டிராக் டயருக்கு.

கே: மகன் வீட்டுக் காரைத்தான் எடுத்துப் போகிறேன் என்கிறான். வண்டி கெட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? – வாசகி, மீனாட்சிபுரம்

ப: கிடைக்காது அம்மா. ஒழுங்காக அனுமதி பெற்று நடக்கும் பந்தயமாக இருந்தாலும், பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்தைச் சாதாரண வாகனப் பாலிசி ஏற்காது. ஆனால் பழுதில்லாத வண்டி ஒரு நாளில் நான்கைந்து ஓட்டம் ஓடினால் தேய்வது கிளட்சும் டயரும்தான். கருகிய வாடை வந்தால் கிளட்ச் சூடேறிவிட்டது என்று பொருள். பானெட்டைத் திறந்து வைத்து 20 நிமிடம் விடச் சொல்லுங்கள். வாடையோடு மறுபடி வரிசையில் போய் நிற்பதில்தான் செலவு வருகிறது.

கே: வாளையார் ரோடு இரவு இரண்டு மணிக்குக் காலியாகத்தானே கிடக்கிறது? – வாசகர், வாளையார்

ப: காலியாகக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் லைட் இல்லாத டிராக்டரும் வரும். அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓடினால், மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவின்படி முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஒரு வருடம், 10,000 வரை. மத்தியச் சட்டம் என்பதால் செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் மாறாது. செட்டிப்பாளையம் கரி தளமும் இருங்காட்டுக்கோட்டைத் தளமும் எதற்கு இருக்கின்றன? நிகழ்ச்சி உண்டா, எத்தனை மீட்டர், லைசென்ஸ் என்ன கேட்கிறார்கள் என்று அமைப்பாளரிடம் விசாரித்துக்கொண்டு போங்கள்.

கே: ஓட்டம் முடிந்ததும் தரும் சீட்டில் ஏகப்பட்ட எண்கள். எதைப் பார்ப்பது? – வாசகர், கிணத்துக்கடவு

ப: முதல் 60 அடிக்கான நேரத்தை. சாதாரணச் சிறிய காரில் அது இரண்டரை வினாடியை ஒட்டி வரும். அங்கே பத்தில் ஒரு பங்கு வினாடி மிச்சப்படுத்தினால் கடைசியில் அதைப் போல ஒன்றரை மடங்காவது திரும்பி வரும். 60 அடி நேரம் மோசம், கடைசி வேகம் நன்றாக இருக்கிறது என்றால் என்ஜினில் குறையில்லை, உங்கள் இடது காலில்தான் வேலை பாக்கி. 60 அடி நன்றாக இருந்து கடைசி வேகம் குறைந்தால், கியரை முன்கூட்டியே மாற்றுகிறீர்கள் அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது.

சென்னை நண்பரின் சீட்டோடு உங்கள் சீட்டை ஒப்பிடாதீர்கள். கோவைப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம். காற்றழுத்தம் நான்கைந்து சதவீதம் குறைவு, டர்போ இல்லாத என்ஜினுக்குச் சக்தியும் அவ்வளவு குறைவு. 18 வினாடி ஓட்டத்தில் கால் வினாடி அங்கேயே போய்விடும். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று எதிரே அடித்தால் இன்னும் கொஞ்சம். வெயில் ஏறும் முன் ஓடிவிடுங்கள். பத்து டிகிரி சூடு கூடினால் காற்றின் அடர்த்தி மூன்று சதவீதம் குறையும்.

கோட்டைத் தாண்டியதும் பிரேக்கில் ஏறி நிற்க வேண்டாம், பின்னால் ஆள் வரலாம். காலை எடுத்து, கியரிலேயே வேகத்தை இறக்குங்கள். சாவியைத் திருப்பாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். பக்கத்து வண்டி எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் திரும்பும் பாதைக்கு ஒதுங்க வேண்டும். சீட்டை வாங்கியதும் அதன் பின்பக்கத்தில் கிளம்பிய ஆர்.பி.எம்.மையும் டயர் காற்றையும் எழுதி வையுங்கள். மூன்றாவது ஓட்டத்துக்குள் எல்லாம் மறந்துபோகும்.